இ.எஃப். 28 என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், இனி மாமாவுக்கு என்ன?

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் படித்ததும் அந்த "ஆறு மாதம்" கணக்கைப் பற்றித்தான் முதலில் சொல்லணும் என்று தோன்றியது. நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சட்ஸ்வொர்த்தில் இருக்கும் உங்கள் மாமனாருக்கு 61 வயது, ரொம்ப வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு, 2019-இல் ஒரு ஹார்ட் அட்டாக் வந்திருக்கிறது. போன மாதம் ராத்திரியில் மூச்சு முட்டி வார்டில் சேர்த்து, எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இ.எஃப்., அதாவது இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் அளவு, 28 சதவீதம், இது ஹார்ட் ஃபெயிலியர் (இதயம் பலவீனமாகிப் போதிய ரத்தத்தைத் தள்ள முடியாத நிலை) என்று சொல்லி நான்கு மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர் "இந்த வியாதிக்கெல்லாம் ஆறு மாதம்தான்" என்று சொல்லிவிட்டுப் போக, அன்றிலிருந்து மாமா சரியாகச் சாப்பிடுவதில்லை. எவ்வளவு காலம் இருப்பார், மாத்திரை ஆயுள் முழுக்கவா, உப்பை அடியோடு விடணுமா, தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கலாமா, ஊரிலிருந்து வந்த மருதம்பட்டைப் பொடி கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டர்பனில் இதய நோய்ப் பிரிவில் பல வருடமாக நர்ஸாக இருக்கிறேன். டிஸ்சார்ஜ் ஆகிறவர்களையும் அவர்கள் வீட்டாரையும் உட்கார வைத்துப் பேசுவது என் அன்றாட வேலை. மாமாவை நேரில் பார்க்கும் டாக்டரின் வார்த்தைதான் கடைசி வார்த்தை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஆறு மாதம் என்று சொன்னது தப்பு, அப்படி யாராலும் நாள் குறிக்க முடியாது. அதே சமயம் இது லேசான வியாதியும் இல்லை. என் அனுபவத்தில் இந்த நோயாளிகளின் போக்கைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வீட்டுக்கு வந்தபிறகு வரும் முதல் இரண்டு மூன்று மாதம்தான். அந்தக் காலத்தில் மாத்திரைகளின் அளவை ஏற்றினார்களா, இல்லை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியதே வருடக்கணக்காக அப்படியே கிடக்கிறதா, அதைப் பாருங்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில் பாதி இதுவே.

முதலில் அந்த 28. இடது கீழறை நிரம்பியிருக்கும்போது அதிலுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியே போகிறது என்பதுதான் இ.எஃப். நல்ல இதயத்துக்கே அது 55-இலிருந்து 70 வரைதான் இருக்கும், 100 யாருக்கும் கிடையாது. அதனால் மாமாவின் இதயம் நூற்றுக்கு இருபத்தெட்டு பங்குதான் வேலை செய்கிறது என்று எண்ணிப் பயப்படாதீர்கள், வழக்கத்தில் கிட்டத்தட்ட பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இந்த எண் மாறும். மருந்து ஏறி மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து எக்கோ எடுக்கும்போது 28 என்றிருந்தது 38, 45 என்று வருவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். எல்லாருக்கும் வராது. பிரசவத்தை ஒட்டி வரும் இதய பலவீனம், குடியால் வந்தது, தாறுமாறாக வேகமாகத் துடித்ததால் வந்தது, இவையெல்லாம் நன்றாகவே தேறக்கூடியவை. மாமாவுக்கு ஹார்ட் அட்டாக்கில் தசை கொஞ்சம் செத்து வடுவாகியிருக்கும், அந்த இடம் திரும்ப உயிர் பெறாது. ஆனால் வடுவைச் சுற்றி இருக்கும் நல்ல தசை சோர்ந்து போய்க் கிடக்கிறதே, அது தேறும். இப்போது ரத்தக் குழாய்களில் அடைப்பு எப்படி இருக்கிறது, ஆஞ்சியோ எடுத்தார்களா, எடுப்பார்களா என்று கேளுங்கள், உங்கள் கடிதத்தில் அது இல்லை.

இதயம் பலவீனமானதும் உடம்பு என்ன செய்கிறது என்று தெரிந்தால் மாத்திரைகளின் அவசியம் தானாகப் புரியும். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. உடம்பில் தண்ணீர் போதவில்லை என்று சிறுநீரகம் தப்பாக எடுத்துக்கொண்டு உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது, குழாய்கள் சுருங்குகின்றன, அட்ரினலின் ஏறி இதயத்தை விரட்டுகிறது. ரத்தம் கொட்டும் காயம் பட்டவருக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு. மாதக்கணக்கில் ஓடினால் இதுவே ஏற்கெனவே களைத்த இதயத்தை இன்னும் பெரிதாக்கி, இன்னும் பலவீனமாக்கும். பிடித்து வைத்த நீர்தான் காலில் வீக்கமாகவும், படுத்தால் நுரையீரலில் ஏறி மூச்சுத் திணறலாகவும் வருகிறது. அந்த ராத்திரி மாமா எழுந்து உட்கார்ந்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அது இதனால்தான்.

இப்போது ஆயுள் கணக்கு. மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் அரைகுறையாகக் கேட்டதுதான் உங்கள் வீட்டில் இவ்வளவு பயத்தைக் கிளப்பியிருக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2019-இல் வெளியான ஒரு தொகுப்பின்படி, ஹார்ட் ஃபெயிலியர் உள்ளவர்களில் ஒரு வருடம் கழித்து 100-க்குச் சுமார் 87 பேரும், ஐந்து வருடத்தில் 57 பேரும், பத்து வருடத்தில் 35 பேரும் உயிரோடு இருந்தார்கள். நம் கண்டத்தில் நிலைமை இதைவிடக் கடினம். தென்னாப்பிரிக்கா உட்பட ஒன்பது ஆப்பிரிக்க நாடுகளில், மூச்சுத் திணறி வார்டில் சேர்ந்த 1,006 பேரைத் தொடர்ந்து பார்த்து 2012-இல் வந்த தீசஸ் ஆய்வில் நோயாளிகளின் சராசரி வயதே 52. ஆறு மாதத்துக்குள் கிட்டத்தட்ட 18 சதவீதம் பேர் இறந்தார்கள். இது சின்ன எண் இல்லை. ஆனாலும் அந்தச் சொந்தக்காரர் சொன்ன அதே ஆறு மாதத்தில், அவ்வளவு மோசமான நிலையில் வந்தவர்களிலேயே 100-க்கு 82 பேர் உயிரோடுதான் இருந்தார்கள். இதை மாமாவிடம் அப்படியே சொல்லுங்கள்.

இந்தக் கணக்குகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இன்றைக்குக் கிடைக்கும் நான்கு வகை மருந்தையும் முழுசாகச் சாப்பிட்டவர்கள் இல்லை. அது ரொம்ப முக்கியம். பழைய ஆய்வு நோயாளிகளை வைத்து 2020-இல் ஒரு கணக்குப் போட்டார்கள்: 55 வயதுக்காரர் ஒருவர் பழைய இரண்டு வகை மருந்தோடு நின்றுவிடாமல் புதிய முறைப்படி எல்லா வகையும் எடுத்தால் ஆயுள் ஆறு வருடத்துக்குச் சற்று மேல் கூடும், 80 வயதில் தொடங்கினாலும் ஒரு வருடத்துக்கு மேல் கூடும் என்று வந்தது. இது கணிப்புதான், மாமாவுக்கான உத்தரவாதம் இல்லை. ஆனால் ஒரு மாத்திரைச் சீட்டுக்கு இவ்வளவு பலம் இருக்கிறது என்பது எத்தனை வீடுகளுக்குத் தெரியாமலே போகிறது என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

சரி, அந்த நான்கு வகைக்கு வருவோம். மாமாவின் சீட்டில் பியூரோஸ்மைடு 40, எனலாப்ரில் 2.5 இரண்டு வேளை, கார்வெடிலால் 3.125 இரண்டு வேளை, ஸ்பைரனோலாக்டோன் 25 என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் பியூரோஸ்மைடு, இங்கே எல்லாரும் தண்ணி மாத்திரை என்று சொல்வது, தேங்கிய நீரை இறக்கும், மூச்சு லேசாகும். ஆயுளைக் கூட்டும் மருந்தாக அது நிரூபிக்கப்பட்டதில்லை. வீக்கம் வடிந்த பிறகு அதன் அளவைக் குறைப்பார்கள், சிலருக்கு நிறுத்தியும் விடுவார்கள். மற்ற மூன்றும் அப்படியில்லை, நான் சொன்ன நான்கு வகையில் மூன்று இவைதான். எனலாப்ரில் வந்த காலத்தில், 1987-இல், மிக முற்றிய நிலையில் இருந்த 253 பேரிடம் சோதித்தார்கள்: வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் ஆறு மாதத்தில் 44 சதவீதம் பேர் இறந்தார்கள், எனலாப்ரில் சாப்பிட்டவர்களில் 26 சதவீதம். ஸ்பைரனோலாக்டோன் இறப்பை 30 சதவீதம் குறைத்தது என்று 1999-இல் தெரிந்தது. அதே வருடம் கார்வெடிலால் வகையைச் சேர்ந்த பிசோப்ரோலால், அப்புறம் 2001-இல் கார்வெடிலால், இரண்டுமே இறப்பை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்தன. மாமாவின் சீட்டில் உள்ள இந்த மூன்றுமே பழைய மருந்துகள், விலை குறைவு, நம் அரசு கிளினிக்குகளின் மருந்துப் பட்டியலிலேயே இருப்பவை.

நான்காவது வகை மாமாவின் சீட்டில் இல்லை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று இரண்டு உண்டு, சர்க்கரை மாத்திரையாகத்தான் வந்தன. 2019-இல் டாபாகிளிஃப்ளோசினை 4,744 இதய நோயாளிகளிடம் சோதித்தபோது, சர்க்கரை இல்லாதவர்களுக்கும் சேர்த்து, இதய நோயால் இறப்பதும் நோய் முற்றி ஆஸ்பத்திரிக்கு வருவதும் 26 சதவீதம் குறைந்தது. மாமாவுக்குச் சர்க்கரையும் இருப்பதால் இரட்டைப் பலன். அளவு ஏற்றும் வேலையும் இல்லை, 10 மில்லிகிராம் ஒரு வேளை, முதல் நாளிலிருந்தே முழு அளவு. "இந்த மருந்து இவருக்குச் சேருமா, சேரும் என்றால் எப்படிக் கிடைக்கும்" என்று அடுத்த தடவை போகும்போது நேராகக் கேளுங்கள். எனலாப்ரிலுக்குப் பதிலாக சாக்குபிட்ரில் வால்சார்டன் என்ற கூட்டு மாத்திரையும் உண்டு, 2014 ஆய்வில் அது எனலாப்ரிலைவிட 20 சதவீதம் கூடுதல் பலன் கொடுத்தது. விலை அதிகம். அதற்கு மாறினால் கடைசி எனலாப்ரிலுக்கும் அதற்கும் நடுவில் 36 மணி நேர இடைவெளி கட்டாயம், இல்லாவிட்டால் உதடும் தொண்டையும் வீங்கி ஆபத்தாகலாம்.

அளவு ஏற்றுவதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். எனலாப்ரில் 2.5 என்பது தொடங்கும் அளவு. ஆய்வுகளில் பலன் கொடுத்த அளவு 10-இலிருந்து 20 வரை, இரண்டு வேளை. கார்வெடிலாலின் இலக்கு 25 இரண்டு வேளை, அதாவது மாமா இப்போது சாப்பிடுவதைப் போல எட்டு மடங்கு. 2022-இல் ஸ்டிராங் என்ற ஆய்வில், டிஸ்சார்ஜ் ஆகி இரண்டு வாரத்துக்குள் முழு அளவுக்குக் கொண்டுபோய், அடிக்கடி கூப்பிட்டு ரத்தமும் பிரஷரும் பார்த்தவர்களில், ஆறு மாதத்தில் இறந்தவர்களும் திரும்ப ஹார்ட் ஃபெயிலியரால் அட்மிட் ஆனவர்களும் சேர்த்து 15 சதவீதம். வழக்கமான முறையில் விட்டவர்களில் 23 சதவீதம். எல்லா ஊரிலும் இரண்டு வாரத்தில் முடியாது, கூட்டமும் டாக்டர் பற்றாக்குறையும் எனக்குத் தெரியும். ஆனால் இங்கே நான் அடிக்கடி பார்ப்பது வேறு ஒன்று. வீக்கம் வடிந்து ஆள் தெம்பானதும், நிலைமை சீராகிவிட்டது என்று மாத்திரைகளை வெளியே கடையில் வாங்கிக்கொள்ளும் திட்டத்தில் போட்டுவிடுவார்கள். வரிசையில் நிற்க வேண்டாம், எஸ்.எம்.எஸ். வந்ததும் போய்ப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வரலாம், வயதானவர்களுக்கு நிஜமாகவே நல்ல ஏற்பாடு. ஆனால் தொடங்கும் அளவிலேயே அந்தத் திட்டத்துக்குள் போய்விட்டால் அப்புறம் அளவை ஏற்ற யார் இருக்கிறார்கள்? அதனால் "இலக்கு அளவு வந்தபிறகு அந்தத் திட்டத்தில் போடுங்கள், அதுவரை நாங்கள் வந்து போகிறோம்" என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் கோபிக்க மாட்டார்கள்.

உங்கள் கணவருக்கு மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு இருந்து மாமாவும் அதில் சேர்ந்திருந்தால், இந்த நாட்டுச் சட்டப்படி ஹார்ட் ஃபெயிலியர் என்பது எல்லாத் திட்டங்களும் கட்டாயம் ஏற்க வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கிறது, மிக மலிவான திட்டமாக இருந்தாலும் சரி. டாக்டர் ஐ50 என்ற குறியீட்டோடு படிவம் நிரப்பிப் பதிவு செய்தால், மருந்தும் சோதனையும் அந்தக் காப்பீட்டில் உள்ள சேமிப்புக் கணக்கில் கை வைக்காமல் வரும். எந்த மருந்து என்பதில் அவர்கள் பட்டியல் போடலாம், நோயையே ஏற்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. பதிவு செய்யாமலே மாதாமாதம் கைக்காசு போட்டு வாங்குகிற குடும்பங்கள் இருக்கின்றன, அதனால்தான் சொல்கிறேன்.

மாத்திரை ஏறும்போது தொந்தரவு வரும். பிரஷர் 100/60 என்று வந்தால் வீட்டில் எல்லாரும் பதறி மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். எழுந்து நின்றால் கண் இருட்டாமல், கால் தள்ளாமல் இருந்தால் அந்த 100 இவருக்குப் பரவாயில்லை, நல்லதுதான். கார்வெடிலால் ஏற்றிய முதல் வாரம் பத்து நாள் அசதியாக இருக்கும், சாப்பாட்டோடு கொடுங்கள், பொறுத்தால் சரியாகும். எனலாப்ரிலுக்கு வறட்டு இருமல் வந்தால் சொல்லுங்கள், மாற்று உண்டு. ஸ்பைரனோலாக்டோன் சிலருக்கு மார்பகத்தில் வலியும் வீக்கமும் தரும். ஆண்கள் வெட்கப்பட்டு அதைச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் தூக்கிப் போடுகிறார்கள். மாமாவிடம் உங்கள் கணவர் தனியாகக் கேட்கட்டும், எப்ளெரனோன் என்று அதற்கும் மாற்று இருக்கிறது. டாபாகிளிஃப்ளோசின் தொடங்கினால் அந்தரங்க இடத்தில் அரிப்பு வரலாம், சுத்தமாக வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவிர்க்கலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு, பட்டினி, ஆபரேஷன் என்று வந்தால் அதை எப்போது நிறுத்தி எப்போது தொடங்குவது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் வீட்டில் செய்வது. ஒரு எடை பார்க்கும் மெஷின் வாங்குங்கள், டிஜிட்டலாக இருந்தால் நல்லது, சமமான தரையில் ஒரே இடத்தில் வையுங்கள். காலையில் எழுந்து ஒன்றுக்குப் போய்விட்டு, டீ குடிக்கும் முன்னால், அதே மாதிரி லேசான உடையில் மாமா ஏறி நிற்கட்டும். எண்ணை காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்திலேயே எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சாப்பாட்டுச் சதை இல்லை, நீர். கால் வீங்கும் முன்பே, மூச்சு முட்டும் முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பின் மீது கட்டைவிரலை வைத்து பத்து வரை எண்ணும் நேரம் அழுத்திப் பிடித்து எடுங்கள். குழி விழுந்து உடனே நிரம்பாமல் நின்றால் நீர் சேர்கிறது. ஒரு தலையணையில் படுத்தவர் இரண்டு, மூன்று கேட்கிறாரா, செருப்பு மாட்டக் குனிந்தால் மூச்சு வாங்குகிறாரா, படுத்ததும் இருமல் வருகிறதா, இதையும் கவனியுங்கள். இதில் எது வந்தாலும் அன்றைக்கே கிளினிக்குக்குப் போன் போடுங்கள், அடுத்த தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தண்ணி மாத்திரையை இரண்டு மூன்று நாளைக்குக் கூட்டினாலே பலருக்கு அட்மிஷன் தப்பிவிடுகிறது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டுவது, நெஞ்சு வலி, மயங்கி விழுவது, இளஞ்சிவப்பு நுரையோடு சளி, இவற்றுக்குப் போன் பேசி ஆலோசனை கேட்கும் நேரமெல்லாம் இல்லை, 10177-க்கு அடித்து ஆம்புலன்ஸ் வரச் சொல்லுங்கள்.

உப்பு விஷயத்தில் உங்கள் அத்தை மாமாவுக்கு உப்பே இல்லாமல் தனியாகச் சமைக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மனிதர் சாப்பிடாமல் இளைத்துப் போவது இன்னும் கெடுதல். 2022-இல் 806 பேரை வைத்து, சோடியத்தை ஒரு நாளைக்கு 1,500 மில்லிகிராமுக்கும் கீழே கொண்டுபோய்ப் பார்த்தார்கள். இறப்போ அட்மிஷனோ குறிப்பிடும்படி குறையவில்லை. அதனால் அடியோடு நிறுத்தும் விரதம் வேண்டாம், எல்லாவற்றுக்கும் சேர்த்து நாளுக்கு ஒரு டீஸ்பூனுக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழம்பில் போடும் உப்பைவிட வெளியிலிருந்து வரும் உப்புதான் நம் வீடுகளில் பிரச்சினை. இந்த நாட்டில் ரொட்டி முதலான பல பண்டங்களுக்கு உப்பின் உச்ச அளவைச் சட்டமாகவே போட்டு 2016-இலும் 2019-இலும் இறக்கினார்கள், அதன் பிறகும் 100 கிராம் ரொட்டியில் 380 மில்லிகிராம் வரை சோடியம் இருக்கலாம். ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் பன்னி சாவில் கால் பங்கு ரொட்டி என்றாலே சுமார் 175 கிராம், அந்த ரொட்டியில் மட்டுமே 650-ஐத் தொடலாம், உள்ளே ஊற்றும் குழம்பு தனி. அதோடு மாங்காய் ஊறுகாய், கறியில் தூவும் மசாலாத்தூள் டப்பாக்கள், ஸ்டாக் கட்டிகள், பில்டாங் என்ற உப்புப் போட்டுக் காயவைத்த இறைச்சி, கருவாடு. ஊறுகாயை ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டு என்று ஆக்குங்கள். புளி, எலுமிச்சை, மிளகு, கறிவேப்பிலை தாராளமாகப் போட்டால் உப்பு குறைந்தது நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது. இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம்: கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்கிறார்களே, அதில் பொட்டாசியம் இருக்கும். எனலாப்ரிலும் ஸ்பைரனோலாக்டோனும் ஏற்கெனவே பொட்டாசியத்தை ஏற்றும் மருந்துகள், மூன்றும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறி நிற்கலாம். இதே காரணத்துக்காகத் தினமும் இளநீர் கொடுப்பதையும் நிறுத்துங்கள்.

தண்ணீரை ரொம்பக் கட்டுப்படுத்த வேண்டியதில்லை. வீக்கம் இல்லாமல் சீராக இருப்பவர்களுக்குக் கறாரான தண்ணீர்க் கட்டுப்பாடு பலன் தருவதாகச் சமீபத்திய ஆய்விலும் தெரியவில்லை. தாகத்துக்குக் குடிக்கட்டும், வீக்கம் இருக்கும் நாட்களில் டாக்டர் சொன்ன அளவோடு நிற்கட்டும்.

மருந்துக்கடைக்கு வருகிறேன், என் கண் முன்னாலேயே நோயாளிகள் திரும்ப அட்மிட் ஆவதற்குப் பெரிய காரணம் இது. முழங்கால் வலிக்கு ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரை, ஊசி எதுவும் மாமாவுக்குக் கூடாது, உப்பையும் நீரையும் பிடித்து வைத்துச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சளி மருந்துக் கூட்டு மாத்திரைகளிலும் வலி கேப்சூல்களிலும் ஐபுபுரோஃபென் கலந்திருக்கும், டப்பாவைப் படியுங்கள். தலைவலிக்குக் கிராண்ட்பா பவுடர் கொட்டிக்கொள்ளும் பழக்கம் நம் தாத்தாமார்களுக்கு உண்டு, அதில் இருப்பது ஆஸ்பிரினும் பாராசிட்டமாலும் காஃபீனும். ஆஸ்பிரின் வேண்டுமா, எவ்வளவு என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும், வலிக்கு வெறும் பாராசிட்டமால் போதும், அதுவும் தண்ணீரில் கரைக்கும் நுரை மாத்திரையாக வேண்டாம். வயிறு உப்பினால் ஈனோ குடிப்பதும் அப்படித்தான், இரண்டிலும் சோடியம் நிறைய. மருதம்பட்டையை நான் இழிவாகப் பேச மாட்டேன், தலைமுறைகளாக நம்பி வந்த மருந்து. ஆனால் ஹார்ட் ஃபெயிலியரில் ஆயுளைக் கூட்டும் என்று சொல்லும் அளவுக்கு அதற்கு நல்ல ஆதாரம் இல்லை. இந்த மூன்று மாதம் மாத்திரை அளவு ஏறிக்கொண்டிருக்கும்போது பிரஷர் இறங்கினால் எதனால் என்றே தெரியாமல் போகும், அதனால் இப்போது கொடுக்காமல் ஒதுக்கி வையுங்கள். அதிமதுரம் மட்டும் எந்தக் காலத்திலும் வேண்டாம், இருமலுக்குக்கூட. அது உப்பைத் தேக்கி பிரஷரை ஏற்றும்.

ஆயுள் முழுக்கவா என்றால், ஆமாம். இ.எஃப். நன்றாக ஏறிவிட்ட பிறகும் ஆமாம். இதய வீக்க நோயிலிருந்து தேறி, எக்கோவும் சரியாகி, எந்தத் தொந்தரவும் இல்லாத 51 பேரிடம் டாக்டர்களே கண்காணித்து மெதுவாக மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். நிறுத்திய பிரிவில் ஆறு மாதத்துக்குள் 44 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது.

மூன்று மாதம் முழு மருந்தோடு இருந்தும் இ.எஃப். 35-க்கு மேல் ஏறாவிட்டால், திடீர் மரணத்தைத் தடுக்கும் ஐ.சி.டி. கருவி பற்றியும், இ.சி.ஜி.யில் இதயத்தின் மின்பாதையின் இடது கிளையில் தடை இருந்தால் இரண்டு கீழறைகளையும் சேர்ந்து துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் பற்றியும் பேசுவார்கள். அது பேச வேண்டிய நேரம் இப்போது இல்லை. மாற்று இதயம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உலகத்தின் முதல் மாற்று இதயம் 1967 டிசம்பர் 3-ஆம் தேதி கேப் டவுன் குரூட் சூர் ஆஸ்பத்திரியில் வைத்ததுதான், அந்த நோயாளி 18 நாள் இருந்தார். இன்றைக்கு வைத்துக்கொள்கிறவர்களில் பாதிப் பேர் பத்து வருடம் தாண்டுகிறார்கள். ஆனால் தானம் கிடைப்பது மிக அரிது, சர்க்கரையால் உறுப்புகள் பாதிக்கப்பட்டவர்களைச் சேர்ப்பதும் கடினம். மாமாவுக்கு அதை நம்பி இருக்க வேண்டாம்.

காவடி. மாமாவுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும், அதனால் வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் முடிக்க மனசு வரவில்லை. தைப்பூசம் வருவது டர்பனின் உச்ச வெயிலில். விரதத்தில் சாப்பாடு குறையும், வெயிலில் வியர்வை கொட்டும், தண்ணி மாத்திரையும் எனலாப்ரிலும் உள்ளே இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்தால் பிரஷர் இறங்கிச் சிறுநீரகம் அடிபடும். சர்க்கரையால் பாதம் மரத்திருந்தால் தார் ரோட்டின் சூடு தெரியாமல் கால் வெந்துவிடும். இந்த வருடம் பாரத்தை உங்கள் கணவர் தூக்கட்டும். மாமா காலை நேரத்தில் கோயிலுக்குப் போய் நிழலில் உட்கார்ந்து அபிஷேகம் பார்க்கட்டும், பால்குடத்தைக் கையில் வாங்கிச் சன்னதியில் கொடுக்கட்டும். புரட்டாசியில் கறி மீன் விடுவது போன்ற விரதத்துக்கு எந்தத் தடையும் இல்லை, மாத்திரை வேளை தவறாமல் இருந்தால் போதும். நடையைத் தொடங்கச் சொல்லுங்கள். சட்ஸ்வொர்த் முழுக்க மேடும் பள்ளமும் என்பதால் தெருவில் வேண்டாம், ஷாப்பிங் மாலில் சமதரையில் பத்து நிமிடம், பேச்சு தடைபடாத வேகத்தில் ஆரம்பித்து வாரா வாரம் கூட்டலாம். குளிர்காலம் வருமுன் மார்ச், ஏப்ரலில் ஃப்ளூ ஊசியும் போட்டுவிடுங்கள்.

ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும், இதை உங்கள் கணவரும் படிக்கட்டும். சிலருக்கு எல்லாம் சரியாகச் செய்தும் நோய் முற்றும். மறுபடி மறுபடி அட்மிஷன், பிரஷர் தாங்காமல் மாத்திரையைக் குறைக்க வேண்டி வருவது, சிறுநீரகம் இறங்குவது, உடம்பு உருகுவது என்று வரும்போது, மூச்சு முட்டாமல், வலியில்லாமல் வைத்துக்கொள்ளும் சிகிச்சையைக் கேட்கலாம், கேட்க வேண்டும். மாமா தெம்பாக இருக்கும் இந்த நாட்களிலேயே அவருக்கு என்ன வேண்டும், எந்த அளவுக்கு மிஷினில் வைக்கச் சம்மதம் என்று மெதுவாகப் பேசிவிடுங்கள். கைவிட்டுவிட்டோம் என்று அவர் நினைக்காதபடி, மருந்து ஏறிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே பேசுவது நல்லது.

வியாழக்கிழமை கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும், சர்க்கரைக்கானதும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். சர்க்கரை மாத்திரையில் பயோகிளிட்டசோன் இருந்தால் அதை முதலில் காட்டுங்கள், அது நீரைத் தேக்கும். எடை எழுதிய காலண்டர் தாளையும் எடுத்துப் போங்கள். ரத்தத்தில் பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், இரண்டையும் கேளுங்கள், இரும்புச் சத்தும் பார்த்தார்களா என்று கேளுங்கள், குறைந்திருந்தால் நரம்பு வழியாக ஏற்றுவது இந்த நோயில் நன்றாக வேலை செய்கிறது, மாத்திரை அவ்வளவாகச் செய்வதில்லை. எனலாப்ரில் தொடங்கியதும் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறுவது வழக்கம்தான், முன்பு இருந்ததைவிட 30 சதவீதத்துக்குள் ஏற்றம் என்றால் அதற்காக மருந்தை நிறுத்துவதில்லை. பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினால்தான் அளவைக் குறைப்பது பற்றி யோசிப்பார்கள். அந்த இரண்டு எண்ணையும், அன்றைய பிரஷரையும், புதிதாக எழுதிய அளவுகளையும் இங்கே எழுதுங்கள். பார்த்துவிட்டு அடுத்த தடவை என்ன கேட்கணும் என்று சொல்கிறேன்.